துபாய்க்காரர் மகள்

சிவப்பு ரிப்பனின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு வைஷாலியின் இரண்டாவது சடையை நான் மடித்துக் கட்டிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் வாசலில் வந்து நின்றாள். பார்த்தசாரதி சார் வீடு இதுதானா என்று கேட்டாள். வாயில் ரிப்பனை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் என்ன பதில் சொல்ல முடியும்? தலையை ஆட்டினேன். கல்பாக்கத்தில் ஸ்டோர்ஸ் பிரிவில் எனக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் என்னை நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகூடப் பார்த்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகும், புதுப்பட்டினத்தில் இந்தத் தெருவில், சட்டை போடாமல் நான் வாசலுக்கு வந்ததில்லை. அன்றைக்குப் பனியனோடு, ஒரு கையில் சீப்பும் ஒரு கையில் குழந்தையின் தலைமுடியுமாக, முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

கட்டிலிலிருந்து ஞானம்பாள், "கோணலா கீது, அவுத்துக் கட்டுங்க" என்றாள். ஐப்பசியில் என் மனைவிக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் குழறிப்போனது. ஆனால் குறை சொல்வதற்கு வேண்டிய சொற்கள் மட்டும் எப்படியோ தெளிவாக வந்தன. அதுவரை வைஷாலிக்குத் தலை பின்னியது, சாப்பாடு கட்டியது, ஜுரத்துக்குப் பக்கத்தில் படுத்தது எல்லாம் அவள்தான். அதற்குப் பிறகு நான். என்னால் ஆகாததை ஐந்தாம் வகுப்புப் படிக்கும் அந்தக் குழந்தையே செய்தாள். பெரியம்மாவைத் திருப்பிப் படுக்க வைப்பது, துடைத்துவிடுவது, ராத்திரியில் அவள் முனகினால் எழுந்து தண்ணீர் கொடுப்பது. வகுப்பில் மேஜைமேல் தலையை வைத்துத் தூங்குகிறாள் என்று அவளுடைய டீச்சர் பார்த்து, செங்கல்பட்டில் குழந்தைகள் நலனைப் பார்க்கும் அலுவலகத்துக்குச் சொல்லியிருக்கிறாள். அங்கிருந்து வந்தவள்தான் வாசலில் நின்ற பெண். பெயர் ஜெசிந்தா. தெற்கத்திப் பெண் என்று பேச்சில் தெரிந்தது. நான் சட்டையை மாட்டிக்கொண்டு வரும்வரை உட்காராமல் நின்றுகொண்டிருந்தாள். அதனால் அவள்மேல் எனக்குக் கொஞ்சம் மதிப்பு வந்தது.

பெற்றோரோடு இருக்க முடியாத குழந்தைகளைச் சொந்தக்காரர்கள் வளர்த்தால் அவர்களுக்குக் கைகொடுக்க ஓர் ஏற்பாடு இருக்கிறது என்று சொன்னாள். மாதாமாதம் ஏதோ வருமாம். வீட்டு வேலைக்கும் நோயாளியைப் பார்க்கவும் ஆள் அனுப்புவதற்கு அவளுக்குத் தெரிந்த அமைப்பு ஒன்று இருக்கிறதாம். எனக்கு முகம் சுருங்கியது. நாங்கள் யாரிடமும் கை நீட்டியதில்லை என்று சொன்னேன். அவள் கோபப்படவில்லை.

"இது கை நீட்டறது இல்ல சார். இப்ப இந்தப் புள்ள உங்க வீட்ல இருக்கறதுக்கு உங்ககிட்ட என்ன இருக்கு? நாளைக்கு நீங்களும் படுத்துட்டீங்கன்னா யாரு வேணா வந்து யாரு வேணா கூட்டிட்டுப் போகலாம். இவ இங்கதான் இருக்கணும், இவங்கதான் பாத்துக்கணும்னு செங்கல்பட்டு குழந்தைகள் நலக் குழு ஒரு உத்தரவு போட்டா, அது உங்களுக்குத் தெம்பு."

ஆஸ்பத்திரியில் ஞானம்பாளின் கட்டிலுக்குக் கீழே பாயில் படுத்திருந்தபோது நான் நினைத்ததும் அதுதான். எனக்கு ஒன்று ஆனால் இந்தக் குழந்தை எங்கே போகும்? மற்றதெல்லாம் எனக்கு வேண்டாம், அந்த உத்தரவு மட்டும் வேண்டும் என்று மனதுக்குள் முடிவு செய்தேன். அப்போது ஜெசிந்தா குழந்தையின் அப்பா எங்கே என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள், புத்தகப் பையை மாட்டிக்கொண்டிருந்த வைஷாலி, "துபாய்ல" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது, கிளம்பு என்று அவளை அனுப்பி வைத்தேன்.

வைஷாலியின் அப்பா ஹரிஹரன் என் தம்பி, எனக்குப் பல வயது இளையவன். தகப்பனார் போன பிறகு அவனைப் படிக்க வைத்தது நான். செய்யூர்ப் பக்கத்தில் நல்ல இடமாகப் பார்த்துத் துர்காதேவியைக் கட்டி வைத்ததும் நான். வைஷாலி பிறந்த பிறகு துர்காதேவிக்கு மனம் பேதலித்தது. பிள்ளை பெற்ற சிலருக்கு வருவதுதான், சரியாகிவிடும் என்றார்கள். சரியாகவில்லை. பெற்ற குழந்தையைத் தெரியாத அளவுக்குப் போய், இப்போது ஒரு காப்பகத்தில் இருக்கிறாள். ஹரிஹரன் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தான். பிறகு மறைமலைநகரில் கார் உதிரிபாகக் கம்பெனியில் தன்னோடு வேலை பார்த்த ஸ்ரீதேவி என்ற பெண்ணுடன் தனிக் குடித்தனம் போய்விட்டான். கட்டிய மனைவி உயிரோடு இருக்கும்போதே. அங்கே ஒரு பையனும் பிறந்தான். முதல் பெண்டாட்டியின் குழந்தை அந்த வீட்டுக்குள் வரக்கூடாது என்று ஸ்ரீதேவி சொல்லிவிட்டதாக என்னிடம் வந்து, நான்கு வயது வைஷாலியை ஒரு பிளாஸ்டிக் பையோடு விட்டுவிட்டுப் போனான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஞானம்பாள் அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை. குழந்தைக்கு என்ன பிடிக்கும் என்று மட்டும் கேட்டுவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தாள்.

தெரு கேட்கும் அல்லவா? தம்பியும் அவன் மனைவியும் துபாயில் இருக்கிறார்கள், அங்கே குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று சொன்னேன். துபாய் என்று சொல்லிவிட்டால் துபாயிலிருந்து ஏதாவது வரவேண்டும். தீபாவளிக்கு முன்னால் ஒருநாள் பஸ் பிடித்துச் சென்னைக்குப் போய், பர்மா பஜாரில் பேரீச்சம்பழம், பிஸ்தா, வாசனை சோப்பு, கோடாரித் தைலம் எல்லாம் வாங்கி வருவேன். தம்பி அனுப்பினான் என்று வீட்டுக்கு வீடு கொடுப்போம். வருஷா வருஷம் கொடுத்தோம். வைஷாலிக்குத் தெருவில் துபாய்க்காரர் பொண்ணு என்று பெயர் வந்தது. ஒரு பெண் குழந்தைக்குப் பின்னால் சித்தம் கலங்கிய தாய், ஓடிப்போன தகப்பன் என்று இரண்டு பேச்சுகள் நடந்து வந்தால் அவள் எங்கே போய் நிற்பாள்? இன்றைக்குக் கேட்டாலும் நான் செய்ததில் தவறில்லை என்றுதான் சொல்வேன்.

குழந்தைக்கும் அதையேதான் சொல்லியிருந்தோம். ஆனால் ஹரிஹரன் எப்போதாவது வருவான், கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்ற மறந்து வந்த நாளும் உண்டு. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளை அதைப் படித்திருக்காதா? அவள் ஒன்றும் கேட்கவில்லை. யாராவது கேட்டால் துபாய் என்று சொல்வதை மட்டும் எங்களைவிட உறுதியாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

அந்த உத்தரவுக்காக, வாழ்நாளில் முதல்தடவையாக, உண்மையை ஒரு வெளியாளிடம் சொல்ல முடிவு செய்தேன். முன் அறையில் சொன்னால் பக்கத்து வீட்டு விஜயகுமாரிக்குக் கேட்கும். நடுவில் ஒரு செங்கல் சுவர்தான். ஜெசிந்தாவைச் சமையலறைக்குள் வரச் சொன்னேன். அங்கேயும் ஜன்னல் இருக்கிறது. மிக்ஸியில் ஒன்றும் போடாமல், மூடியை மூடி ஓட விட்டேன். அந்தச் சத்தத்துக்குள் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குனிந்து, காதைக் கொடுத்துக் கேட்டாள். சொல்லி முடித்து மிக்ஸியை நிறுத்தியபோது கட்டிலிலிருந்து ஞானம்பாள், காலையில் எதற்குச் சட்னி அரைக்கிறீர்கள் என்று குழறிக் கேட்டாள்.

ஜெசிந்தாவுக்குக் கண் கலங்கியிருந்தது. இதைச் சொல்ல எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பீர்கள் என்று தெரிகிறது என்றாள். ஆனால் விதிப்படி அக்கம்பக்கத்திலும் விசாரித்து எழுத வேண்டும், கவலைப்படாதீர்கள், நாசூக்காகக் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். தெருவில் என்ன சொல்வார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை. அவர்களுக்குத் தெரிந்ததைச் சொல்வார்கள், அதன் பிறகு இவள் விளங்கிக்கொள்வாள் என்று நினைத்தேன்.

மறுவாரம் வந்தபோது அவள் முகம் வேறு மாதிரி இருந்தது.

"சார், நீங்க சொல்றது ஒண்ணு. தெரு சொல்றது ஒண்ணு. ஒருத்தர் விடாம எல்லாரும் அப்பா துபாய்ல இருக்காருன்னுதான் சொல்றாங்க. பக்கத்து வீட்டு அக்கா தைல பாட்டில எடுத்து வந்து காட்டுறாங்க. அந்த ஆட்டோக்காரர் சம்பத், போன வருஷம் உங்க தம்பிய ஏர்போர்ட்ல இருந்து அவரே கூட்டிட்டு வந்தேன்னு சொல்றார். பெட்டி எத்தனைன்னு வரைக்கும் சொல்றார் சார்."

தைலம் நான் வாங்கிக் கொடுத்தது. அதை நம்பி ஒருத்தி காட்டினால் அது இயல்பு. ஆனால் ஏர்போர்ட்டிலிருந்து யாரும் வந்ததில்லை. அந்தப் பொய்யை நான் சொன்னதும் இல்லை. அதைச் சம்பத் தானாகச் செய்திருக்கிறான். துபாய் இல்லை என்று தெரிந்தவன்தான் துபாய்க்குச் சாட்சி சொல்ல ஏர்போர்ட்டுக்குப் போவான். அப்படியானால் இந்தத் தெருவுக்கு எத்தனை காலமாகத் தெரியும்? நான் பேரீச்சம்பழத்தை நீட்டும்போது, துபாய்ப் பழம் துபாய்ப் பழம்தான் என்று வாங்கிக்கொண்ட முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

நான் சொல்வதுதான் உண்மை என்று ஜெசிந்தாவிடம் மறுபடி சொன்னேன். அவள் நம்பினாள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் பெற்றவன் நல்ல வேலையில் வெளிநாட்டில் இருக்கிறான் என்று ஒரு தெருவே சொல்லும்போது, அதை மறைத்து எழுத அவளுக்கு வழியில்லை. தெருவில் ஒருவராவது மாற்றிச் சொன்னால் பரவாயில்லை, இல்லாவிட்டால் குழு தகப்பனை நேரில் கூப்பிடும் என்றாள்.

சாயங்காலம் ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனேன். சம்பத் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தான். அந்த அம்மாள் வந்து ஏதாவது கேட்டாளா என்று பொதுவாக ஆரம்பித்தேன்.

"நீ இன்னாத்துக்கு சார் பேஜார் ஆவுற? அந்த மேடம் சுத்திச் சுத்திக் கேட்டுச்சு. நாங்க யாரு? வுட்டுருவோமா? தெருவுல எல்லாருக்கும் சொல்லி வெச்சிட்டேன். கலெக்டரே வந்து கேட்டாலும் துபாய்தான். உம் மானம் எங்க மானம் சார்."

மற்ற ஆட்டோக்காரர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் எனக்காக ஸ்டூலை இழுத்துப் போட்டான். நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். அடுத்த தடவை வந்து கேட்டால் உள்ளதைச் சொல் சம்பத், என் தம்பி மறைமலைநகரில் வேறொருத்தியோடு இருக்கிறான் என்று சொல். அதைச் சொல்ல வேண்டுமானால் அந்த நான்கைந்து பேருக்கு நடுவில் நின்று முதலில் நான் சொல்ல வேண்டும். அவர்களுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் சொல்லப்படாமல் இருக்கும்வரை அது ஒரு சட்டை மாதிரி என் மேல் இருந்தது. கழற்ற முடியவில்லை.

"சரி சம்பத்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஹரிஹரனுக்குப் போன் செய்தேன். பயந்துபோயிருந்தான். குழு முன்னால் வந்து, என்னால் குழந்தையை வைத்துக்கொள்ள முடியாது, அண்ணனிடமே இருக்கட்டும் என்று மட்டும் சொன்னால் போதும் என்று ஜெசிந்தா சொல்லிக்கொடுத்தபடி அவனுக்குச் சொன்னேன். ஸ்ரீதேவியும் அதற்கு ஒத்துக்கொள்வாள் என்றான். அப்படியே சொல்லிடறேன் அண்ணே என்று இரண்டு தடவை சொன்னான். எனக்கும் ஜெசிந்தா ஒரு வரி சொல்லிக்கொடுத்திருந்தாள். தனியாக என்னால் முடியவில்லை, உதவி இருந்தால் குழந்தையை நன்றாக வளர்ப்பேன். அவ்வளவுதான் சார், பெருமையெல்லாம் அங்க வேண்டாம் என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

விஜயகுமாரியை ஞானம்பாளிடம் உட்கார வைத்துவிட்டு நானும் வைஷாலியும் செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறினோம். திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை அந்த வரியை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். முடியவில்லை. சின்னச் சொல்தான். கரண்ட் போனால் தூங்க முடியவில்லை, முட்டி வலித்தால் படி ஏற முடியவில்லை என்று எல்லாரும் தினமும் சொல்கிற சொல். எங்கள் வீட்டு ஆண்கள் நாலு பேருக்கு முன்னால் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. வைஷாலி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, எனக்குத் தொந்தரவாக இருக்கும் என்று நினைத்தோ என்னவோ, வழி முழுக்கப் பேசாமல் வந்தாள்.

குழு கூடும் அறை சிறியது. நீண்ட மேஜைக்குப் பின்னால் தலைவி அம்மாளும் இன்னும் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் குழந்தைகள் வரைந்த மீன் படங்கள் ஒட்டியிருந்தன. ஹரிஹரன் எங்களுக்கு முன்பே வந்திருந்தான். தேய்த்த வெள்ளைச் சட்டை, முழுக்கை, பொத்தான் போட்டு. முதுகு நாற்காலியில் படாமல் உட்கார்ந்திருந்தான். வைஷாலி அவனுக்கும் எனக்கும் நடுவில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அவனைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். அவனும் சிரித்தான்.

தலைவி அம்மாள் தன்மையானவர். குழந்தையிடம்தான் முதலில் பேசினார். என்ன படிக்கிறாய், பெரியம்மாவுக்கு யார் சாப்பாடு ஊட்டுவது, உனக்கு யாரோடு இருக்கப் பிடிக்கும் என்று கேட்டார். பெரியம்மாவோட என்று வைஷாலி உடனே சொன்னாள். எனக்கு மூச்சு இலகுவானது. அப்புறம் அவர், இது ஒன்றும் பெரிய கேள்வி இல்லை என்பதுபோல, தாளைப் பார்த்தபடியே கேட்டார்.

"அப்பா எங்கடா இருக்காரு?"

"துபாய்ல."

ஒரு கை தூரத்தில் ஹரிஹரன் உட்கார்ந்திருந்தான். அம்மாள் தாளிலிருந்து நிமிர்ந்து, "இவரு யாரும்மா?" என்று ஹரிஹரனைக் காட்டினார். வைஷாலி அவனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். வாய்ப்பாட்டைத் தப்பில்லாமல் ஒப்பித்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பாளே, அந்தப் பார்வை. "அப்பா துபாய்லதான் இருக்காரு" என்று இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னாள்.

யார் இப்படிச் சொல்லிக்கொடுத்தது என்று அம்மாள் கேட்டார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்றாள் குழந்தை. மேஜைக்குப் பின்னால் இருந்த மூன்று பேரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். கல்பாக்கத்தில் ஆடிட்டுக்கு வந்த அதிகாரிகள்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை. என் முதுகு தானாக நிமிர்ந்தது.

"சார், உங்களுக்கும் வயசாச்சு. வீட்டம்மா படுக்கையில இருக்காங்க. குழந்தை ஸ்கூல்ல தூங்குறா. உள்ளதச் சொல்லுங்க, உங்களால முடியுதா?"

ஜெசிந்தா ஓரத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் சொல்லிப் பார்த்த வரி தொண்டைவரை வந்தது.

"எல்லாம் முடியுதும்மா. எங்க வீட்ல குழந்தைக்கு ஒரு குறையும் இல்ல."

ஜெசிந்தா தலையைக் குனிந்துகொண்டாள்.

அம்மாள் ஏதோ குறித்துக்கொண்டு ஹரிஹரனிடம் திரும்பினார். கடிந்து பேசவில்லை. நல்ல வேலையில் இருக்கிறீர்கள், கை கால் நன்றாக இருக்கிறது, பெற்ற பெண்ணை உங்களால் பார்த்துக்கொள்ள முடியாதா என்று கேட்டார். அவன் சொல்லப்போகிறான் என்று நான் காத்திருந்தேன். அவன் வலது கை சட்டைப் பொத்தானைத் தடவிவிட்டுக் கீழே இறங்கியது. கண்ணாடியில் என்னைப் பார்த்தது போல இருந்தது. அந்த மோவாய் தூக்கல் எங்கள் தகப்பனாருடையது.

"ஏன் முடியாது? எம் பொண்ணு. நான் பாத்துக்கறேன்."

அப்புறம் எல்லாம் சீக்கிரம் முடிந்தது. பெற்றவரே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லும்போது நாங்கள் என்ன செய்ய முடியும் சார் என்று அம்மாள் என்னிடம் சொன்னார். குழந்தையைப் போய்ப் பார்க்க எந்தத் தடையும் இல்லை, ஜெசிந்தாவும் அவ்வப்போது போய்ப் பார்ப்பார் என்றார். நான் நன்றி சொன்னேன்.

வெளியே தாழ்வாரத்தில் வைஷாலியை ஜெசிந்தாவோடு நிறுத்திவிட்டு ஹரிஹரனைத் தூணுக்குப் பின்னால் இழுத்துப் போனேன். அவனுக்கு வியர்த்துக் கொட்டியது. ஸ்ரீதேவி கொன்னுடுவா அண்ணே என்றான்.

"ஏன்டா அப்படிச் சொன்ன?"

"நீ மட்டும் சொன்னியா?"

அவன் சட்டைக் கையை அவிழ்த்து மடித்துவிட்டுக்கொண்டே, குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"அத்தினி பேரு முன்னால அத எப்டிண்ணே சொல்றது?"

உள்ளே திரும்பிப் போய் மாற்றிச் சொல்லலாமா என்று ஜெசிந்தாவிடம் கேட்டேன். சொல்லலாம் சார், இரண்டு பேரும் சேர்ந்து வந்து சொல்லுங்கள் என்று அவள் கதவைத் திறந்து பிடித்தாள். உள்ளே அடுத்த குடும்பம் உட்கார்ந்திருந்தது. வெளியே பெஞ்சில் இன்னும் பல பேர் காத்திருந்தார்கள். ஹரிஹரன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். அவள் கதவை எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டு நிற்பாள்? கடைசியில் மெல்லச் சாத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை அவன் பைக்கில் வந்து குழந்தையை அழைத்துப் போனான். எத்தனை நாளைக்குப் பெரியப்பா என்று அவள் கேட்டாள். கொஞ்ச நாள் என்றேன். பெரியம்மாவுக்கு எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னால், எது பின்னால் என்று எனக்கு இரண்டு தடவை சொல்லிக்கொடுத்தாள். ஞானம்பாள் இடது கையால் அவள் சட்டையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். விரல்களை ஒவ்வொன்றாக விலக்கியது வைஷாலிதான். தெருவில் எல்லாரும் வாசலுக்கு வந்திருந்தார்கள். பைக் திரும்பிய பிறகு விஜயகுமாரி என்னருகில் வந்தாள்.

"துபாய்க்கே இட்டுகினு போறாரா சார்? போவட்டும், ரொம்ப சந்தோசம்" என்றாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆமாம் என்றேன்.

ஒரு மாதம் கழித்து மறைமலைநகருக்குப் போனேன். அதற்கு முன் அவன் குடியிருக்கும் இடத்தை நான் பார்த்ததில்லை. அங்கே கால் வைப்பதில்லை என்று இருந்தவன். பெரிய சாலைக்குப் பின்னால், ஒரே சுவரில் வரிசையாகக் கட்டிய வீடுகள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு தண்ணீர் டிரம். மூன்றாவது வாசலில் வைஷாலி நின்றுகொண்டிருந்தாள். தம்பிப் பையனை இடுப்பில் வைத்திருந்தாள். அவன் கனத்தில் அவள் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. முடியைக் கழுத்துவரை வெட்டிவிட்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் அவள் கண் விரிந்தது. ஓடிவர ஓர் அடி எடுத்து வைத்தாள். அப்படியே நின்றாள்.

அடுத்த வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த ஒரு பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு முகம் மலர்ந்து எழுந்தாள்.

"நீங்கதான் வைஷாலி அப்பாவா? ஹரி சார் சொல்லிகினே இருப்பாரு, எங்க அண்ணன் பொண்ணு, எங்க அண்ணன் பொண்ணுன்னு. மூஞ்சி அப்டியே கீது."

எனக்கு விளங்குவதற்குச் சிறிது நேரம் பிடித்தது. இந்த வரிசையில் யாருக்கும் துர்காதேவியைத் தெரியாது. ஹரிஹரனுக்கு ஒரே மனைவி, ஒரே பிள்ளை. வைஷாலி அண்ணன் மகள், எதற்காகவோ வந்து தங்கியிருப்பவள். நான் இல்லை என்று சொன்னால், அந்தப் பெண்ணின் அடுத்த கேள்வி என்ன என்று எனக்குத் தெரிந்தது. கீரைக் காம்பைக் கையில் வைத்துக்கொண்டு அவள் காத்திருந்தாள். குழந்தையும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாம்மா" என்றேன்.

"தங்கமான பொண்ணு. வூட்டு வேல அத்தினியும் அதுதான் செய்யுது. இம்மா சின்னப் பொண்ண வுட்டுட்டு எப்டிதான் இருக்கீங்களோ" என்றாள் அவள். அதில் குத்தல் இருந்தது. நியாயமான குத்தல்தான்.

வைஷாலி பையனை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். அவள் உதடு பெரியப்பா என்று குவியத் தொடங்கியது. பக்கத்து வாசலைப் பார்த்தாள். உதடு மூடிக்கொண்டது.

"தண்ணி குடிக்கிறீங்களாப்பா?" என்று கேட்டாள்.

அப்போது கம்பெனி பஸ் ஒன்று சாலையில் வந்து நின்று போனது. அது போன இடத்தில் ஹரிஹரன் நீலச் சீருடையில் சாப்பாட்டுப் பையோடு நின்றிருந்தான். என்னைப் பார்த்தான், பக்கத்து வீட்டுப் பெண்ணையும் பார்த்தான். சாலையைக் கடந்து வரவில்லை. லாரிகளும் ஷேர் ஆட்டோக்களும் நடுவில் ஓடிக்கொண்டே இருந்தன. இடைவெளி கிடைத்தபோதெல்லாம் அவன் அங்கேயே, முதுகு நிமிர்ந்து, வண்டிகளுக்கு வழிவிட்டு நிற்பவன்போல நின்றுகொண்டிருந்தான். உள்ளே குடத்தில் சொம்பு இடிக்கும் சத்தம் கேட்டது.